டைல்ஸ் பதிக்கும் இல்லங்களுக்கு: கோடுகள் சீராக அமைய

புதிய வீட்டின் குளியலறையை முதன்முதலில் பார்க்க வருவோர் டைல்ஸ் கற்களின் நிறத்தையும் பளபளப்பையும் பாராட்டுவார்கள். ஓராண்டு கழிந்து அதே அறைக்குள் நுழைந்தால் பார்வை வேறோர் இடத்தில் நிற்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஓடும் மெல்லிய கோடு ஓரிடத்தில் குழிந்திருக்கும், மற்றோரிடத்தில் வெடித்திருக்கும், உளூச் செய்யும் குழாயடியில் கறுத்துப் பாசி படிந்திருக்கும். விலை உயர்ந்த கல் அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் பூசிய மலிவான கலவை அறையின் தோற்றத்தையே கெடுத்துவிடும்.

தோற்றம் கெடுவதோடு தொல்லை முடிந்துவிடுவதில்லை. வெடித்த கோட்டின் வழியாக இறங்கும் தண்ணீர் கல்லின் அடியில் தேங்குகிறது. நாளடைவில் கல்லின் பிடிப்புத் தளர்கிறது. தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலிக்கிறது. மாடியிலுள்ள குளியலறையாக இருந்தால், கீழ் அறையின் கூரையில் ஈரத்தடம் தோன்றுகிறது. அதைச் சீர்செய்ய வேண்டுமானால் முழுத் தளத்தையும் பெயர்க்க வேண்டிய நிலைகூட வரலாம்.

குடும்பத் தலைவர் அயல்நாட்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்து அனுப்பிய பணத்தில் எழும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அத்தகைய இல்லங்களில் வேலையை மேற்பார்வையிடும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களின் தோளில்தான் விழுகிறது. "கொத்தனாருக்குத் தெரியாததா?" என்று ஒதுங்கிவிடாமல், இந்தக் கோடு எவ்வாறு உருவாகிறது என்பதை நீங்கள் அறிந்துகொண்டால், வேலை நடக்கும்போதே நல்லது கெட்டதைக் கண்டறியலாம்.

இதில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. தண்ணீரை அளவோடு பயன்படுத்த வேண்டும்; ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய நேரத்தைக் கொடுக்க வேண்டும். கோடு கெட்டுப்போன இடங்களை ஆராய்ந்தால், இவ்விரண்டில் ஒன்று தவறியிருப்பதையே பெரும்பாலும் காண்பீர்கள்.

இடைவெளி எதற்காக?

கல்லோடு கல்லை ஒட்டிவைத்தால் கோடே தெரியாதே, அது அழகாக இருக்காதா என்று பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரே பெட்டியில் வந்த கற்களின் நீள அகலத்திலும் சிறு வேறுபாடு இருக்கும். இடைவெளியின்றிப் பதித்தால், அந்தச் சிறு வேறுபாடு வரிசைக்கு வரிசை சேர்ந்துகொண்டே போய், சுவரின் மறுமுனையை அடையும்போது கோடு கோணலாகிவிடும். மேலும், வெப்பத்தாலும் ஈரத்தாலும் தளம் மிகச் சிறிய அளவில் விரிந்து சுருங்குகிறது. நெருக்கிப் பதித்த கற்கள் அப்போது ஒன்றையொன்று தள்ளி மேலெழும்பக்கூடும். மயிரிழை போன்ற இடுக்கினுள் கலவை சரிவர இறங்குவதும் இல்லை.

குளியலறைச் சுவருக்கு 2 மில்லிமீட்டர், தளத்துக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளி பொதுவாகப் போதுமானது. இந்த இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருப்பதற்காக, கூட்டல் குறி வடிவிலான சிறிய பிளாஸ்டிக் துண்டுகள் ஸ்பேசர் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றின் விலை மிகக் குறைவு. தீக்குச்சியையும் உடைந்த கல் சில்லையும் வைத்து இடைவெளியை அமைப்பதற்கு இவற்றை வாங்கிக் கொடுத்துவிடுவது மேல். கல் வாங்கும்போது எல்லாப் பெட்டிகளின் மேலும் அச்சிட்டுள்ள நிறக் குறியும் அளவுக் குறியும் ஒன்றாக உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தடுத்த இரு கற்களில் ஒன்றின் விளிம்பு உயர்ந்தும் மற்றொன்றின் விளிம்பு தாழ்ந்தும் இருந்தால், எவ்வளவு திறமையாக நிரப்பினாலும் கோடு சீராகத் தோன்றாது. விரலால் தடவிப் பார்த்தாலே ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். கல் இறுகுவதற்கு முன்பே இதைக் கொத்தனாரிடம் சுட்டிக்காட்டுங்கள்.

கோடு தண்ணீரைத் தடுத்துவிடாது

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வது அவசியம். சிமெண்டினாலான நிரப்புக் கலவை தண்ணீரை முழுமையாகத் தடுக்கக்கூடியதன்று. சிறிதளவு ஈரத்தை அது உறிஞ்சவே செய்யும். ஆகவே குளியலறையிலும் உளூச் செய்யும் இடத்திலும், கல் பதிப்பதற்கு முன்பே தளத்தின் மீதும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் நீர்க்காப்புப் பூச்சு பூசியிருக்க வேண்டும். பூச்சு காய்ந்தபின் தண்ணீரைத் தேக்கி 24 மணி நேரமாவது வைத்து, கீழே கசிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடிகுழாயை நோக்கித் தானாக ஓடும்படி தளத்துக்கு வாட்டம் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் தூரத்துக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை சரிவு இருந்தால் போதும். ஒரு நாளில் பலமுறை பாதங்களைக் கழுவும் இடத்தில் வாட்டம் சரியில்லையானால், எத்தகைய உயர்ந்த கலவையும் தேங்கிய நீரில் ஊறி நிறம் மாறிப்போகும்.

எந்தக் கலவை?

ஒரு காலத்தில் வெள்ளைச் சிமெண்டில் சாயத்தூளைக் கலந்து இடுக்குகளை அடைப்பதே வழக்கமாக இருந்தது. இன்றும் சிலர் அவ்வாறு செய்கிறார்கள். வெறும் சிமெண்ட் காயும்போது சுருங்கி வெடிக்கும் இயல்புடையது. கிரவுட் என்ற பெயரில் கடைகளில் விற்கும் ஆயத்தக் கலவையில், சுருக்கத்தைக் குறைக்கவும் பிடிப்பைக் கூட்டவும் நுண்ணிய நிரப்புப் பொருள்களையும் பாலிமரையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டை ஒரு குளியலறையின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் மிகவும் சிறியது.

ஆயத்தக் கலவையிலும் மணல் சேராதது, மணல் சேர்ந்தது என இரு வகை உண்டு. 3 மில்லிமீட்டர் வரையுள்ள இடுக்குக்கு மணல் சேராததே ஏற்றது. கோடு வழவழப்பாக அமையும். அதைவிட அகன்ற இடுக்குக்கு மணல் சேர்ந்ததைப் பயன்படுத்தினால்தான் வெடிப்பு விழாது. பையின் மேல் சி.ஜி. 1, சி.ஜி. 2 என்று குறிப்பிட்டிருந்தால், அவை ஐ.எஸ்.ஓ. 13007 என்னும் பன்னாட்டுத் தரப் பகுப்பின்படி சிமெண்ட் வகைகள் என்று அறியலாம். இவற்றுள் சி.ஜி. 2 மேம்பட்டது. ஆர்.ஜி. என்று இருந்தால் அது எபாக்சி போன்ற பிசின் வகை.

எபாக்சி தண்ணீரை உறிஞ்சாது. கறையும் எளிதில் பிடிக்காது. சமையல் மேடைக்கும் எந்நேரமும் ஈரமாக இருக்கும் இடத்துக்கும் மிகவும் ஏற்றது. ஆனால் விலை அதிகம். கை பழகியவர்தான் செய்ய வேண்டும். கலந்தபின் குறுகிய நேரத்துக்குள் நிரப்பித் துடைத்துவிட வேண்டும். வெயில் காலத்தில் அந்த அவகாசம் மேலும் குறையும். கல்லின் மேல் காய்ந்துவிட்டால் அகற்றுவது பெரும்பாடு. அனுபவமில்லாத கையில் எபாக்சியைக் கொடுப்பதைவிட, நல்ல சிமெண்ட் கலவையை முறையாகச் செய்விப்பதே மேல்.

எவ்வளவு வாங்குவது என்ற கேள்வியும் எழும். 30 சென்டிமீட்டர் சதுரக் கல், 8 மில்லிமீட்டர் கனம், 3 மில்லிமீட்டர் இடைவெளி என்று கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ கால் கிலோ கலவை தேவைப்படும். அதாவது 100 சதுர அடிக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. சேதாரத்தையும் சேர்த்து 3 கிலோ வாங்குங்கள். அதே கனத்தில் கல் 60 சென்டிமீட்டர் சதுரமாக இருந்தால் இதில் பாதி போதும். ஒரே நிறத்தில் பல பைகள் வாங்கினால், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே தூளை ஒன்றாகக் கலந்துவிடச் சொல்லுங்கள். பைக்குப் பை உள்ள சிறு நிற வேறுபாடு அப்போது தெரியாது.

இடுக்கைத் தயார் செய்தல்

கல் பதித்த அன்றே கோடு அடைப்பது பெருந்தவறு. பசையால் ஒட்டியிருந்தால் குறைந்தது 24 மணி நேரம் கழிய வேண்டும். சிமெண்ட் சாந்தில் பதித்திருந்தால், அதிலுள்ள ஈரம் வெளியேற மேலும் ஓரிரு நாள் விட்டுவைப்பது நல்லது. கல் அசையாமல் நின்ற பிறகே அடுத்த வேலை.

பதிக்கும்போது பிதுங்கி மேலே வந்த சாந்து இடுக்குகளில் இறுகியிருக்கும். அதன் மேலேயே கலவையைப் பூசினால், ஓரிடத்தில் கலவை தடிப்பாகவும் மற்றோரிடத்தில் தாள் போலவும் நிற்கும். தாள் போல நின்ற இடம்தான் முதலில் உதிரும். ஆகவே கல்லின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழமேனும் இடுக்கு காலியாக இருக்கும்படி சுரண்டி எடுத்து, தூசியைத் தூரிகையால் துடைக்க வேண்டும். ஸ்பேசர் துண்டுகளையும் எடுத்துவிட வேண்டும். கல் பதிக்கும் அன்றே, சாந்து இளகியிருக்கும்போது இதைச் செய்துவிட்டால் பாதி உழைப்பு மிச்சமாகும்.

கோடை வெயிலில் காய்ந்த இடுக்கு கலவையிலுள்ள ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். ஆதலால் நிரப்புவதற்கு முன் ஈரத் துணியால் இலேசாக நனைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது.

ஆத்தங்குடிக் கல், மெருகேற்றாத இயற்கைக் கல் போன்றவற்றில் சாயம் ஏறிவிடும் அபாயம் உண்டு. மிச்சமிருக்கும் ஒரு கல்லில் சிறிது பூசித் துடைத்துப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கலப்பதும் நிரப்புவதும்

பையின் மேல் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கும். அளவுக் குவளை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். குழாயைத் திறந்து கைப்போக்கில் ஊற்றும்போதுதான் அளவு மீறுகிறது. தண்ணீர் கூடினால் கலவை எளிதில் வழுக்கிக்கொண்டு இறங்கும். வேலை விரைவாக முடியும். ஆனால் அந்த மிகுதித் தண்ணீர் ஆவியாகிப் போனபின், அது இருந்த இடம் நுண்துளைகளாக எஞ்சும். கோடு குழியும், வெடிக்கும், நிறம் திட்டுத் திட்டாக மாறும். சிமெண்டிலுள்ள சுண்ணச் சத்து ஈரத்தோடு மேலே வந்து, காற்றில் பட்டு வெள்ளைப் பூப்பாகப் படிவதும் உண்டு.

கடலோர ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதுண்டு. அந்த நீரில் கலந்தாலும் உப்புப் பூக்கும். குடிக்க உகந்த நீரையே கலவைக்குக் கொடுங்கள். ஒரு வாளி நல்ல நீரில் நாம் எதையும் இழந்துவிடப் போவதில்லை.

தண்ணீரில் தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டியில்லாமல் பிசைந்து, 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட்டு, மீண்டும் ஒருமுறை கிளற வேண்டும். இரண்டாம் முறை தண்ணீர் சேர்க்கக் கூடாது. கரண்டியில் எடுத்தால் ஒழுகாமல் நிற்பதே சரியான பதம். அரை மணி நேரத்தில் பூசி முடிக்கும் அளவுக்கே கலக்க வேண்டும். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு இளக்குவது கூடவே கூடாது.

நிரப்புவதற்கு ரப்பர் அடிப்பாகம் கொண்ட மட்டப்பலகை சிறந்தது. இரும்புக் கரண்டி கல்லைக் கீறும். கோட்டின் போக்கிலேயே இழுத்தால் பலகையின் விளிம்பு இடுக்கினுள் இறங்கிக் கலவையை வாரிக்கொண்டு வந்துவிடும். ஆகவே கோட்டுக்குக் குறுக்காக, மூலைவாட்டில் அழுத்தி நிரப்பிய பின், பலகையை நிமிர்த்திப் பிடித்து மேலே நிற்கும் மிகுதியை வழித்தெடுக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து சதுர அடி போதும்.

துடைக்கும் நேரமே தீர்மானிக்கும்

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இந்தக் கட்டத்தில் கெடுப்பவர்களே அதிகம். நிரப்பியவுடன் ஈரத் துணியால் துடைத்தால், இளகிய கலவை துணியோடு வந்துவிடும். மிகவும் தாமதித்தால் கல்லின் மேல் இறுகிவிடும். பொதுவாக 15 முதல் 30 நிமிடத்தில் உரிய வேளை வந்துவிடும். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். கோட்டை மெல்ல அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. விரலில் ஒட்டக் கூடாது. கல்லின் மேல் படிந்த ஈரப் பளபளப்பு மறைந்து மங்கியிருக்கும். அதுவே துடைக்கும் நேரம்.

இரண்டு வாளித் தண்ணீர் வேண்டும்: ஒன்று அலச, மற்றொன்று மறு அலசலுக்கு. முனைகள் மழுங்கிய, நெருக்கமான ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டு நீரும் வடியாதபடி பிழிந்துகொள்ள வேண்டும். முதலில் வட்டமாக மெல்லத் தேய்த்துக் கோட்டின் மேடுபள்ளத்தைச் சமன் செய்ய வேண்டும். பிறகு மூலைவாட்டில் ஒரே இழுப்பாக இழுத்து, ஸ்பாஞ்சைத் திருப்பி மறுபக்கத்தால் அடுத்த இழுப்பு. அதன்பின் அலச வேண்டும். அழுக்கான பக்கத்தாலேயே மீண்டும் இழுத்தால், துடைத்ததையே திரும்பப் பூசுவதாக முடியும். வாளித் தண்ணீர் பால் போலக் கலங்கியவுடன் மாற்றச் சொல்லுங்கள்.

கோட்டுக்கு உட்குழிந்த வழவழப்பான வடிவம் வேண்டுமானால், துடைப்பதற்குச் சற்று முன் உருண்டையான முனையுள்ள ஏதேனும் ஒன்றால் அதன் மேல் ஒருமுறை சீராக இழுக்கலாம். பழைய பல் துலக்கியின் கைப்பிடி முனையே இதற்குப் போதும். ஊசித் துளைகளோ பள்ளமோ கண்ணில் பட்டால், அதே கலவையால் அப்போதே நிரப்பிவிட வேண்டும். மறுநாள் வேறு கலவையால் அடைத்தால் ஒட்டுப் போட்ட துணி போல நிறம் வேறுபடும்.

இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கல்லின் மேல் வெண்மையான புகைப்படலம் ஒன்று தெரியும். அதை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போய்விடும். இந்தப் படலத்துக்கு அஞ்சி மீண்டும் மீண்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம்.

அன்றைக்கு மின்விசிறியை முழு வேகத்தில் ஓட விடாதீர்கள். கடும் வெயில் நேரே விழுந்தால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். சிமெண்ட் மெதுவாக இறுகினால்தான் வலுப்பெறும். 24 மணி நேரம் யாரும் மிதிக்காமலும், பையில் குறிப்பிட்ட நாள்வரை குளிக்காமலும் இருக்க வேண்டும். விருந்தாளிகள் வருகிறார்கள், பெருநாள் நெருங்குகிறது என்ற அவசரத்தில் இந்த நாட்களைக் குறைத்துவிடாதீர்கள்.

மூலைகளுக்கு வேறு மருந்து

சுவரும் தளமும் சந்திக்கும் மூலை, கழிப்பறைப் பீங்கானின் ஓரம், கைகழுவும் தொட்டி சுவரைத் தொடும் இடம் ஆகியவற்றில் சிமெண்ட் கலவை நிலைப்பதில்லை. இரு பக்கங்களும் வெவ்வேறாக அசைவதால் அது வெடித்துவிடும். இவ்விடங்களில் இழுத்தால் நீளும் தன்மையுடைய சிலிக்கான் பசையை இட வேண்டும். கோட்டின் நிறத்திலேயே இது கிடைக்கிறது.

ஆசிட் வேண்டாம்

நம் இல்லங்களில் குளியலறை கழுவ ஆசிட் ஊற்றும் வழக்கம் பரவலாக உள்ளது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கல்லின் கறையை மட்டும் எடுப்பதில்லை, சிமெண்டையும் கரைக்கிறது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கோடு சிறிது சிறிதாகத் தேய்ந்து பள்ளமாகிறது. அந்தப் பள்ளத்தில் அழுக்கு இன்னும் எளிதாகத் தங்குகிறது. எலுமிச்சைச் சாறும் வினிகரும்கூட அமிலங்களே. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வாயு எழும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துத் தடவி, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலான அழுக்கு நீங்கும். வாரம் ஒருமுறை மென்மையான சோப்பு நீரும், நாள்தோறும் குளித்து முடித்தபின் தண்ணீரை வழித்துத் தள்ளுவதும் போதும். ஈரம் தங்காத இடத்தில் பாசி வளராது. முதியோர் வழுக்கி விழும் அபாயமும் குறையும்.

கூலியும் நேரமும்

இறுதியாக ஒன்று. டைல்ஸ் வேலைக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி பேசுவதே பெருவழக்கு. கல் பதித்தால்தான் அடி கூடும், துடைத்துக்கொண்டிருந்தால் கூடாது. ஆகவே தொழிலாளி கோடு அடைக்கும் வேலையில் விரைவதற்கு அவரது குணம் மட்டும் காரணமல்ல. நாம் பேசிய கணக்கும் ஒரு காரணம். ஒப்பந்தம் பேசும்போதே, கோடு அடைப்பதற்குத் தனி நாளும் தனிக் கூலியும் என்று தெளிவாகக் கூறிவிடுங்கள். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும் இயல்புடையது. ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். இந்தச் செலவு பிற்காலத்தில் தளத்தைப் பெயர்க்கும் செலவில் ஒரு சிறு துளி.

அன்றைய தினம் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை ஐந்துதான். இடுக்கு சுரண்டித் துடைத்திருக்கிறதா? தண்ணீர் அளந்து ஊற்றப்படுகிறதா? விரலில் ஒட்டாத பதம் வந்தபின் துடைக்கிறார்களா? ஸ்பாஞ்ச் பிழிந்திருக்கிறதா? வாளித் தண்ணீர் மாற்றப்படுகிறதா? இந்த ஐந்துக்கும் "ஆம்" என்ற விடை கிடைத்தால், அந்த அறையின் கதவை ஒரு நாள் பூட்டிச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.